அல்தாய் மொழி ஒன்றா, இரண்டா? பேசுவோர் எத்தனை பேர்?

"ஓர் இடத்தில் அல்தாய் என்று ஒரே மொழியாகப் போட்டிருக்கிறது. இன்னோர் இடத்தில் வட அல்தாய், தென் அல்தாய் என்று இரண்டாக இருக்கிறது. ரஷ்ய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ தெலெவுத், குமாந்தி, சல்கான் என்று தனித்தனியாக வருகிறது. பேசுவோர் தொகையும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை எடுத்துக்கொள்வது?" இதுதான் நீங்கள் கேட்டது.

சுருக்கமாகச் சொன்னால், மொழியின் அமைப்பைப் பார்த்தால் இரண்டு மொழிகள். சட்டத்தைப் பார்த்தால் ஒன்று: அல்தாய்க் குடியரசின் ஆட்சிமொழியான அல்தாய். பேசுகிற மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்களைப் பார்த்தால் ஆறு. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் பேசுவோர் தொகை எதைக் கண்டாலும், அது எந்தப் பெயரின் கீழ் எண்ணப்பட்டது என்று பார்த்த பிறகே எடுத்தாள வேண்டும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐம்பத்தைந்தாயிரம் என்கிற பெரிய எண்ணுக்குப் பின்னால், சில நூறு பேரே பேசுகிற சிறிய மொழிகள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'அல்தாயிக்' மொழிக்குடும்பம் என்பது வேறு, நாம் பேசுகிற அல்தாய் மொழி வேறு. துருக்கிய, மங்கோலிய, துங்குசிய மொழிகள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்ற கருதுகோளுக்கு அல்தாய் மலைத்தொடரின் பெயரை வைத்தார்கள். சிலர் கொரிய மொழியையும் ஜப்பானிய மொழியையும்கூட அதில் சேர்த்தார்கள். இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்தக் கருதுகோளை ஏற்பதில்லை. தமிழில் மொழியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் கால்டுவெல் வழியாகப் பழக்கமாகியிருக்கும். 1856-இல் அவர் திராவிட மொழிகளுக்குச் 'சித்திய' மொழிகளோடு உறவு காட்ட முயன்றார். துருக்கிய, மங்கோலிய மொழிகளும் அந்தச் சித்தியப் பட்டியலில் இருந்தவைதான். விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சொல்லை ஆக்கும் ஒட்டுநிலை அமைப்பு தமிழிலும் உண்டு, அல்தாயிலும் உண்டு. அதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. அல்தாய் மொழி ஐயமே இல்லாமல் துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அல்தாயிக் கருதுகோள் நின்றாலும் விழுந்தாலும் அதில் மாற்றமில்லை.

பேசப்படும் இடம் தெற்கு சைபீரியா. கதுன், பியா என்ற இரண்டு ஆறுகள் மலையிலிருந்து இறங்கி, பீஸ்க் நகருக்கு அருகே கலந்து ஓப் ஆறாகின்றன. அந்த ஆறுகளின் மேல்பகுதிப் பள்ளத்தாக்குகளும் காடுகளும்தான் இந்த மக்களின் நிலம். அதன் பெரும்பகுதி இன்று ரஷ்யக் கூட்டமைப்பில் அல்தாய்க் குடியரசு. தலைநகர் கோர்னோ-அல்தாய்ஸ்க். இதற்கு வடமேற்கே, பார்னாவுல் நகரைத் தலைநகராகக் கொண்ட 'அல்தாய் கிராய்' என்ற இன்னொரு நிர்வாகப் பகுதி இருக்கிறது. அங்கே பெரும்பான்மையினர் ரஷ்யர்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து எண்களைக் கூட்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லைக்கு அப்பால், மங்கோலியாவில் 'அல்தாய் உரியங்காய்' என்றொரு மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் இன்று பேசுவது ஒய்ராத் என்னும் மங்கோலியப் பேச்சு. பெயரில் அல்தாய் இருப்பதால் அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

இனி பெயர்களின் கதை. இந்த மொழியின் குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெற்கு அல்தாய் மக்கள், ஒய்ராத் மங்கோலியர்கள் ஆண்ட ஜுங்கார் அரசின் கீழ் இருந்தார்கள். சீனத்தின் சிங் பேரரசு 1750-களில் அந்த அரசை அழித்தபோது, அல்தாய்த் தலைவர்கள் சிலர் 1756-இல் ரஷ்யாவிடம் அடைக்கலம் கேட்டார்கள். ரஷ்ய அதிகாரிகள் இவர்களை 'வெள்ளைக் கல்மிக்குகள்', 'மலைக் கல்மிக்குகள்' என்று எழுதிவைத்தார்கள். உண்மையான கல்மிக்குகள் வோல்கா ஆற்றோரம் வாழும் மங்கோலிய மொழிக்காரர்கள். இவர்களோ துருக்கிய மொழிக்காரர்கள். யாருடைய ஆட்சியில் இருந்தார்களோ அவர்களுடைய பெயரே இவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

வடக்கே அடர்ந்த காட்டில் வாழ்ந்தவர்களுக்கு வேறு பெயர். அந்த இருண்ட ஊசியிலைக் காட்டை ரஷ்யர்கள் 'செர்ன்' என்பார்கள். அங்கே வாழ்ந்த துபா மக்கள் 'செர்னெவிய தாத்தார்' ஆனார்கள். பிற்கால நூல்களில் அது 'கருப்புத் தாத்தார்' என்று மொழிபெயர்க்கப்பட்டதால், அவர்களுடைய நிறத்தையோ உடையையோ பற்றிய பெயர் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'யிஷ்-கிஷி' என்ற பெயருக்கும் காட்டு மக்கள் என்றுதான் பொருள். சல்கான் மக்கள் தங்களைக் 'கூ-கிஷி' என்பார்கள், அன்ன மக்கள் என்று பொருள். அவர்கள் வாழும் ஆற்றின் ரஷ்யப் பெயரான லெபெட் என்பதும் அன்னம்தான். ஆகவே பழைய நூல்களில் 'லெபெட் தாத்தார்' என்று வந்தால் அது சல்கான் மக்களைக் குறிக்கும். தாத்தார் என்ற சொல்லைக் கண்டு வோல்கா தாத்தாரோடு சேர்த்துவிடாதீர்கள். சைபீரியாவின் துருக்கிய மக்கள் பலரையும் ஜார் கால அதிகாரிகள் இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள்.

பிறகு வந்தது 'ஒய்ரோத்'. 1904-இல் தெற்கு அல்தாயில் புர்கானிசம் என்ற சமய இயக்கம் எழுந்தது. சேத் செல்பான் என்ற மேய்ப்பரின் குடும்பத்திலிருந்து தொடங்கிய அந்த இயக்கம், 'ஒய்ரோத் கான்' திரும்பி வருவார், பழைய நல்ல காலம் பிறக்கும் என்று சொன்னது. ஜுங்கார் அரசின் நினைவு ஒரு மீட்பரின் உருவம் எடுத்திருந்தது. பள்ளத்தாக்கில் கூடிய மக்களை ஜார் அரசின் ஆட்கள் அடித்துக் கலைத்தார்கள், தலைவர்களைக் கைதுசெய்தார்கள். ஆனாலும் பெயர் மக்கள் மனத்தில் நின்றது. 1922-இல் சோவியத் அரசு தன்னாட்சிப் பகுதி அமைத்தபோது அதற்கு ஒய்ரோத் தன்னாட்சிப் பகுதி என்றே பெயர் வைத்தது. மொழியும் ஒய்ரோத் மொழி ஆயிற்று. 1932-இல் உலலா என்ற தலைநகர் ஒய்ரோத்-துரா ஆயிற்று.

1948 ஜனவரியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பகுதியின் பெயர் கோர்னோ-அல்தாய், தலைநகர் கோர்னோ-அல்தாய்ஸ்க், மொழி அல்தாய். கான் திரும்பி வருவார் என்ற பழைய எதிர்பார்ப்பின் வாடை அடித்த பெயரை அரசு விட்டுவைக்க விரும்பவில்லை. இதனால் நூலகத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு சிக்கல். மொழியியலாளர் பாஸ்ககோவும் தோஷ்சக்கோவாவும் 1947-இல் வெளியிட்ட அகராதி 'ஒய்ரோத்-ரஷ்ய அகராதி'. வெளியான மறு ஆண்டே தலைப்பிலுள்ள மொழிப்பெயர் காலாவதி. அல்தாய் என்று மட்டும் தேடினால் அந்த முக்கியமான நூல் கண்ணில் படாமலே போகலாம்.

'அல்தாய்' என்ற பெயரும் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பெயரல்ல. அது தெற்கே கதுன் ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்குகளில், ஒங்குதாய், உஸ்த்-கான், ஷெபாலினோ பக்கம் வாழும் அல்தாய்-கிஷி மக்களின் பெயர். எண்ணிக்கையில் பெரிய அந்தக் குழுவின் பெயரே எல்லோருக்கும் பொதுப்பெயராக விரிந்தது. வடக்கிலிருக்கும் ஒரு குமாந்திக்காரரை அல்தாய்க்காரர் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளாமல் போவது இதனால்தான்.

இப்போது கிளைமொழிகளுக்கு வருவோம். தெற்கில் மூன்று: அல்தாய்-கிஷி, தெலெங்கித், தெலெவுத். வடக்கில் மூன்று: துபா, குமாந்தி, சல்கான்.

தெலெங்கித் மக்கள் உலகான், கோஷ்-அகாச் மாவட்டங்களில், மங்கோலிய எல்லையை ஒட்டிய உயர்ந்த வறண்ட மேய்ச்சல் நிலத்தில் வாழ்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினர் 1860-கள் வரை ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் ஒருசேரத் திறை செலுத்தினார்கள். இரட்டைத் திறைக்காரர்கள் என்றே ரஷ்யர்கள் அவர்களை அழைத்தார்கள். தெலெவுத் மக்கள் இன்று குடியரசுக்கு வெளியே, கெமெரோவோ நிலக்கரிப் பகுதியில் பாசாத் ஆற்றங்கரை ஊர்களில் இருக்கிறார்கள். இடத்தால் எல்லோரிலும் வடக்கே இருப்பவர்கள் இவர்கள், ஆனால் இவர்களுடைய மொழி தென் அல்தாய். ஆகவே 'வடக்கு', 'தெற்கு' என்பதை வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது.

தெற்கும் வடக்கும் எவ்வளவு வேறு? தென் அல்தாய் கிர்கிஸ் மொழிக்கு நெருக்கமானது. வடக்குப் பேச்சுகள் தெற்கு சைபீரியாவின் வேறு துருக்கிய மொழிகளான ஷோர், ககாஸ் ஆகியவற்றுக்கு நெருக்கமானவை. ஒரு எடுத்துக்காட்டு போதும். 'மலை' என்பதற்குத் தென் அல்தாயில் 'தூ' என்பார்கள், கிர்கிஸில் 'தோ'. பழைய துருக்கிய 'தாக்' என்பதன் கடைசி மெய் கரைந்து உயிர் நீண்டுவிட்டது. வடக்கிலும் ககாஸிலும் அந்த மெய் கரையாமல் 'தாக்' வடிவத்திலேயே நிற்கிறது. இது ஏதோ ஒரு சொல்லின் விபத்தல்ல. மகனுக்கு 'ஊல்', ஈரலுக்கு 'பூர்' என்று தெற்கில் இதே ஒலிமாற்றம் வரிசையாக வருகிறது. இவற்றுக்கு அடியில் இருப்பவை 'ஒகுல்', 'பகிர்' போன்ற பழைய வடிவங்கள். ஒரு சொல்லின் உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற உயிரிசைவு விதியிலும் தென் அல்தாய் கிர்கிஸ் வழியே போகிறது. பன்மை விகுதி, முன்னால் வரும் உயிரையும் மெய்யையும் பொறுத்து லார், லெர், லோர், தார், தெர் என்று பன்னிரண்டு வடிவங்கள் எடுக்கும்.

இதில் எனக்கு மிகவும் பொருள் நிறைந்ததாகப் படுவது நிக்கோலாய் பாஸ்ககோவின் நிலைப்பாடு. இருபதாம் நூற்றாண்டில் இந்த மொழியை அவரளவுக்கு ஆராய்ந்தவர் வேறு யாருமில்லை. துருக்கிய மொழிகளை வகைப்படுத்தியபோது தென் அல்தாயைக் கிர்கிஸோடு ஒரு குழுவில் வைத்தார். வடக்குப் பேச்சுகளை ககாஸ், ஷோர் இருக்கும் வேறு குழுவில் வைத்தார். அதாவது அவருடைய கணக்கிலேயே இரண்டும் துருக்கியக் குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். ஆனால் துபா, குமாந்தி, சல்கான் பேச்சுகளைப் பற்றி 1960-களிலிருந்து 1980-கள் வரை அவர் வெளியிட்ட நூல் வரிசையின் தலைப்பு 'அல்தாய் (ஒய்ரோத்) மொழியின் வட கிளைமொழிகள்'. மொழியியல் சொன்னது ஒன்று, நிர்வாகம் வைத்த பெயர் வேறொன்று. நூலின் அட்டையில் நிர்வாகத்தின் பெயரே இடம்பிடித்தது. இன்று பன்னாட்டு மொழிக் குறியீட்டுப் பட்டியலில் தென் அல்தாய்க்கும் வட அல்தாய்க்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. அது பாஸ்ககோவின் வகைப்பாட்டோடு ஒத்துப்போகிறது, அவருடைய நூல் தலைப்போடு ஒத்துப்போகவில்லை.

எழுத்துமொழி முழுக்க முழுக்கத் தெற்கிலிருந்து வந்தது. 1830-இல் மக்காரி குளுகரோவ் என்ற துறவி அல்தாயில் கிறித்தவ மிஷனைத் தொடங்கினார். மிஷனரிகள் தெலெவுத் பேச்சை அடிப்படையாக வைத்து சிரிலிக் எழுத்தில் நூல்கள் எழுதினார்கள். 1869-இல் கசான் நகரில் வெளியான 'அல்தாய் மொழி இலக்கணம்' இன்றும் மதிக்கப்படும் நூல். அதே காலத்தில் பார்னாவுலில் ஆசிரியராக இருந்த வில்ஹெல்ம் ராத்லோவ் பள்ளத்தாக்குகளில் அலைந்து வாய்மொழிப் பாடல்களையும் கதைகளையும் திரட்டினார். சோவியத் காலத்தில் அடிப்படை தெலெவுத்திலிருந்து அல்தாய்-கிஷிக்கு மாறியது. 1928-இல் லத்தீன் எழுத்து வந்தது, 1938-இல் மறுபடி சிரிலிக். பத்து ஆண்டுக்குள் இரண்டு முறை எழுத்தை மாற்றிய ஒரு தலைமுறை என்ன பாடுபட்டிருக்கும்! வடக்குப் பேச்சு எதுவும் இந்த மாற்றங்களில் எழுத்துமொழிக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. வடக்குக் குழந்தைகளுக்குப் பள்ளியில் 'தாய்மொழி' என்று கற்பிக்கப்பட்டது, வீட்டில் பேசாத தென் அல்தாய்.

இத்தனைக்கும் அல்தாய் வாய்மொழிக் காப்பியத்தின் பெரும்புலவர்களில் ஒருவரான நிக்கோலாய் உலகாஷேவ் துபா மக்களைச் சேர்ந்தவர். கண் பார்வையற்ற அவர் முப்பதுக்கும் மேற்பட்ட காப்பியக் கதைகளைப் பாடிப் பதிவுசெய்யக் கொடுத்துவிட்டு 1946-இல் மறைந்தார். இன்னொரு பெரும் பாடகர் அலெக்சேய் கால்கின் தெலெங்கித். தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் 'காய்' என்ற குரலில், இரண்டு தந்தி தொப்ஷூரை மீட்டிக்கொண்டு பாடுகிறவர்கள் இவர்கள். 'அல்தாய்க் காப்பியம்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு மொழிக் கிளைகளின் செல்வமும் இருக்கிறது.

இனி எண்கள்.

2002 கணக்கெடுப்பில் அல்தாய் தெரியும் என்றவர்கள் 65,534 பேர். 2010-இல் அது 55,720. அதே 2010-இல் தங்களை அல்தாய் இனத்தவர் என்றவர்கள் 74,238 பேர். இதில் தெலெங்கித் 3,712, துபா 1,965, சல்கான் 1,181 பேரும் உட்படுவார்கள். குமாந்தி 2,892 பேரும் தெலெவுத் 2,643 பேரும் இந்தத் தொகைக்கு வெளியே, தனி இனங்களாக எண்ணப்பட்டார்கள்.

இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2002-இல் 'தாய்மொழி எது' என்ற கேள்வியே இல்லை, என்ன மொழிகள் தெரியும் என்றுதான் கேட்டார்கள். 2010-இல் இரண்டையும் கேட்டார்கள். ஆகவே மேலே உள்ளவை 'தெரியும்' என்று அவரவரே சொன்ன கணக்கு. வீட்டில் தினமும் பேசுகிறவரும், பாட்டி பேசினால் புரியும் என்கிறவரும் ஒரே எண்ணுக்குள் இருக்கலாம். இரண்டாவது, 55,720 என்பதை அப்படியே தென் அல்தாய்க்கு எழுதக் கூடாது. வடக்குப் பேச்சைப் பேசிக்கொண்டே படிவத்தில் 'அல்தாய்' என்று எழுதியவர்கள் அதில் இருப்பார்கள். படிவம் தெற்கா வடக்கா என்று கேட்கவில்லை. பெரும்பகுதி தென் அல்தாய்தான் என்று சொல்லலாம், அதற்கு மேல் துல்லியம் காட்டினால் அது பொய்த் துல்லியம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. பழைய கணக்கோடு ஒப்பிடும்போது பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1926-இல் குமாந்தி, தெலெவுத், தெலெங்கித் எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டன. குமாந்தி மக்கள் மட்டும் அப்போது ஆறாயிரத்துக்கும் மேல். பிறகு பல பத்தாண்டுகள் எல்லோரும் 'அல்தாய்' என்ற ஒரே வரியில் சேர்க்கப்பட்டார்கள். 1989-இல் ரஷ்யாவில் 69,409 அல்தாய்க்காரர்கள் என்று வருவது அந்த மொத்த வரி. 1993-இல் குமாந்தி, தெலெவுத் மக்களையும், 2000 மார்ச் 24 அன்று வெளியான அரசாணையின் பட்டியலில் தெலெங்கித், துபா, சல்கான் மக்களையும் 'எண்ணிக்கையில் சிறிய பழங்குடி மக்கள்' என்று அரசு ஏற்றது. ஐம்பதாயிரத்துக்குக் குறைவானவர்களுக்கே அந்தத் தகுதி. வேட்டை, மீன்பிடி, ஓய்வூதியம் ஆகியவற்றில் அதற்குச் சில உரிமைகள் உண்டு. எனவே 2002 முதல் இந்தப் பெயர்கள் மீண்டும் கணக்கில் தலைகாட்டின. சலுகைக்காகப் பெயரை மாற்றிக்கொண்டார்கள் என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். அது நியாயமில்லாத பேச்சு. அந்தப் பெயர்கள் 1926-இலும் இருந்தன, அதற்கு முன்பும் இருந்தன. நடுவில் எடுக்கப்பட்டதுதான் திரும்பக் கிடைத்தது.

அந்தந்த மொழி தெரிந்தவர்களின் 2010 கணக்கு இது: தெலெவுத் 975, குமாந்தி 738, சல்கான் 310, துபா 229. இனத்தவர் தொகையோடு வைத்துப் பார்த்தால் தெலெவுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், குமாந்தியிலும் சல்கானிலும் நான்கில் ஒருவர், துபாவில் எட்டுப் பேருக்கு ஒருவரும் தேறவில்லை. வடக்குப் பேச்சுகள் மூன்றையும் கூட்டினால் 1,277. வட அல்தாய்க்குப் பல்லாயிரம் பேர் என்று எங்கேனும் கண்டால், மொத்த அல்தாய் எண்ணை அங்கே தவறாக ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

தெற்கின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. குடியரசின் 1993 மொழிச் சட்டப்படி அல்தாயும் ரஷ்ய மொழியும் ஆட்சிமொழிகள். 1922-இல் தொடங்கிய 'அல்தாய்தின் சோல்மோனி' செய்தித்தாள் மரபு தொடர்கிறது. ஒங்குதாய், உலகான் ஊர்களில் குழந்தைகள் தெருவில் அல்தாய் பேசி விளையாடுகிறார்கள். ஆனாலும் இனத்தவர் தொகை குறையாமலிருக்க, எட்டே ஆண்டில் மொழி தெரிந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் குறைந்தது சிறிய விஷயமல்ல. தலைநகரில் ரஷ்ய மொழியின் இழுப்பு பலமானது. குடியரசிலேயே 2010-இல் ரஷ்யர்கள் பாதிக்கு மேல், அல்தாய்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு. 2018-இல் வந்த கூட்டமைப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ரஷ்யா முழுவதும் குடியரசு மொழிகளைப் பள்ளியில் படிப்பது பெற்றோர் விருப்பம் என்றாகிவிட்டது.

நீங்கள் இதை எழுதப்போவதாக இருந்தால் என் பரிந்துரை இது. தென் அல்தாய், வட அல்தாய் என்று இரண்டு பதிவுகளாக வையுங்கள். பேசுவோர் தொகையைப் பொதுவான 'அல்தாய்' என்ற பெயரில், ஆண்டோடும் 'தெரியும் என்றவர்கள்' என்ற குறிப்போடும் கொடுங்கள். குமாந்தி, சல்கான், துபா, தெலெவுத் எண்களைத் தனித்தனியாகப் போடுங்கள். மொத்தத்தில் கரைத்துவிடாதீர்கள். பழைய பெயர்களில் 'ஒய்ரோத்', 'லெபெட் தாத்தார்', 'செர்னெவிய தாத்தார்', 'மலைக் கல்மிக்' நான்கையும் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிட்டால், 1948-க்கு முந்தைய நூல்களைத் தேடுகிறவர்களும் வழி தவறாமல் வந்து சேர்வார்கள்.